ஆளுக்கொரு கப்பல்

பிள்ளைகள், வீட்டுக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் நான் ஒவ்வொரு முறையும் "எல்லாரும் இருக்கிறமோ?" என்று கேட்பதை நீங்கள் இரண்டு பேரும் பகிடி பண்ணுகிறீர்கள். போன கிழமை மகள் கேட்டாள்: "அப்பா, நாங்கள் நாலு பேர்தானே, பாத்தால் தெரியாதோ?" அவளுடைய தம்பி அதைத் தன்னுடைய சிசிலி இத்தாலியனில் நடித்தும் காட்டினான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னுடையதில்லை. அது ஒரு மனிதரிடமிருந்து எனக்கு வந்தது. அவரைப் பற்றி எழுதிவைக்கிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள் நான். பிழைகள் இருந்தால் அம்மா திருத்துவா.

நீங்கள் அவரை 'நோன்னோ', தாத்தா, என்று கூப்பிட்டீர்கள். நானும் அப்படித்தான். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் என்பது வாயால் கூப்பிடுகிறதற்கு, எழுதிப்போட்டு மறக்கிறதற்கு இல்லை என்று அவரே சொல்லுவார்.

துறைமுகத்தை ஒட்டிய கால்சாவில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தார். எண்பது வயது தாண்டிவிட்டது. அவருடைய மகள், அந்த ஸிஞோரா, பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வேலைக்கு வைத்தா. அந்த வேலையால்தான் என்னுடைய பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்குகிற அனுமதி, புதுப்பிக்கப்பட்டது. உங்களையும் அம்மாவையும் கூப்பிட முடிந்தது. ஆனால் நான் எழுத வந்தது அதை இல்லை.

நோன்னோ கிட்டத்தட்ட முப்பது வருடம் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை செய்தவர். பெரிய யுத்தம் முடிந்த பிறகு சேர்ந்தவர். குண்டு போட்டதுமில்லை, வாங்கியதுமில்லை. அவருடைய வேலை, கப்பலின் மேல்வாசல் மூடி. கப்பல் தண்ணீருக்கு மேலே நிற்கும்போது ஆட்கள் மேலே ஏறிக் காற்று வாங்குவார்கள், சிகரெட் பிடிப்பார்கள். மூழ்கச் சொல்லிக் கட்டளை வந்தால் எல்லோரும் உள்ளே குதிக்க வேண்டும். கடைசியாக இறங்குகிறவர் இவர். மூடியை இழுத்து இறுக்க முதல் இவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "சி சியாமோ தூத்தி?" எல்லாரும் இருக்கிறமோ?

"பதில் வராமல் மூடினால் மேலை நிக்கிறவன் செத்தான். மூடாமல் விட்டால் எல்லாரும் செத்தம்," என்றார் ஒரு நாள், நான் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது. "அதாலை கேள்வியைக் கெதியாக் கேக்க வேணும். பதிலுக்கு ஆறுதலாக் காத்திருக்க வேணும்."

கப்பலை விட்டு இறங்கி எத்தனையோ வருடமாகியும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. லிஃப்ட் கதவு, தேவாலயக் கதவு, பார்மசிக் கதவு, எதுவாக இருந்தாலும் கடைசியாக உள்ளே போகிறவர் அவர்தான். ஒரு நாள் பொலித்தேயாமாவில் பஸ் ஏறினோம். பஸ் புறப்படுகிற நேரம் ஒரு கறுப்பினப் பெண் பையோடு ஓடி வந்தாள். நோன்னோ கைத்தடியைக் கதவுக்குள் விட்டுவிட்டார். கதவு தடியைக் கடித்துக் கடித்துத் திறந்தது. அவரைத் தெரிந்த சாரதி கத்தினான்.

"நோன்னோ! இது உங்கட கப்பல் இல்லை!"

"என்ரை கப்பலா இருந்தால் உன்னை ஓட்ட விட்டிருக்க மாட்டன்," என்றார் இவர்.

பஸ் முழுவதும் சிரித்தது. அந்தப் பெண் மூச்சு வாங்க ஏறி, அவரைத் தன் தகப்பனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தெருவைத்தான் பார்த்தார், வேறு யாராவது ஓடி வருகிறார்களா என்று.

மகள், உன்னுடைய ஆறாவது பிறந்தநாளுக்கு அவர் போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஞாபகமிருக்கிறதா? கேக் வைத்தாயிற்று, மெழுகுதிரி கொளுத்தியாயிற்று. "சி சியாமோ தூத்தி?" என்றார். தம்பியைக் காணவில்லை. அவன் குளியலறையில் இருந்தான். மெழுகுதிரி உருகி கேக்கில் வழிந்தது. அம்மா தமிழில் என்னிடம், "கிழவருக்குச் சொல்லுங்கோ, கேக் பழுதாப் போகுது," என்றா. நான் சொல்லவில்லை. தம்பி வந்து கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற பிறகுதான் நீ ஊதினாய்.

அவர் சொன்ன கதைகளில் ஒன்றை மட்டும் அவர் பகிடி இல்லாமல் சொல்லுவார். அது ஒரு சவ அடக்கத்தின் கதை.

யுத்தத்தில் மூழ்கிப்போன ஒரு நீர்மூழ்கி நாற்பது வருடம் கடலடியில் கிடந்தது. உள்ளே ஆட்கள் இருந்தபடியே. பிறகு சுழியோடிகள் இறங்கி, இரும்பை வெட்டி, எலும்புகளை வெளியே எடுத்தார்கள். ஒரு துறைமுக நகரத்தில் அவர்களுக்கு அரச மரியாதையோடு அடக்கம் நடந்தது. இந்தக் கால நீர்மூழ்கிக்காரர்கள்தான் அந்தக் கால நீர்மூழ்கிக்காரர்களைத் தூக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். நோன்னோ தூக்கியவர்களில் ஒருவர்.

"எந்த எலும்பு ஆருடையது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். "ஆனால் ஆளுக்கொரு பெட்டி. எல்லாரையும் ஒரே பெட்டியிலை போடலாம் எண்டு ஆரோ சொன்னவையாம். எங்கட ஆக்கள் விடேல்லை. கப்பலுக்கைதான் கட்டிலைக்கூட ரெண்டு பேர் மாறி மாறிப் பாவிச்சவை. இப்பவாவது தனியாப் படுக்கட்டும் எண்டு."

ஊர்வலம் போன தெருவெல்லாம் கடைக்காரர்கள் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு வாசலில் நின்றார்களாம். கல்லறை வாசலில் நரைத்த தலையோடு ஒரு பெண் நின்றா. அவவின் மனிசன் அந்தக் கப்பலில் போனவர். எந்தப் பெட்டி தன்னுடையவர் என்று தெரியாததால் உள்ளே போகிற ஒவ்வொரு பெட்டியையும் தொட்டா.

எல்லாம் முடிந்து, கொத்தன் கல்லைத் தள்ள வந்தபோது நோன்னோ மறித்தார். எண்ணிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"பெட்டி ஒண்டு குறையுது எண்டன். என்ரை மேலதிகாரி காதுக்கை சொல்லுறார், 'விசரே, அட்மிரல் நிக்கிறார், மூடு.' நான் சொன்னன், 'அட்மிரல் உயிரோடைதானே நிக்கிறார், அவருக்கு அவசரமில்லை.'"

ஓடிப்போய்த் தேடினார்கள். தேவாலயத்தின் ஒரு பக்கத்தில், மலர்வளையங்கள் குவித்து வைத்திருந்த இடத்தில், பூக்களுக்குக் கீழே ஒரு பெட்டி இருந்தது. நோன்னோ அதைத் தனியாகவே தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாரமில்லை," என்றார். "எனக்கு அதுதான் தாங்கேல்லை."

அந்தப் பெண் இன்னும் வாசலில்தான் நின்றா. அந்தப் பெட்டியைத் தொட்டவுடன், "இதுதான் என்ரை ஆள்," என்று சொன்னாவாம். எப்படித் தெரியும் என்று பக்கத்தில் நின்ற பாதிரியார் கேட்டாராம்.

"அவர் எங்கை போனாலும் பிந்தித்தான் வருவார்," என்றாவாம்.

இந்த இடத்தில் நோன்னோ எப்போதும் கோப்பியைக் கையில் எடுப்பார், குடிக்க மாட்டார்.

ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில், ஒரு ஞாயிறு காலை, பழைய நீர்மூழ்கிக்காரர்கள் துறைமுகத்தில் கூடுவார்கள். இந்தத் துறைமுகத்திலிருந்து போய்த் திரும்பி வராத ஐந்து நீர்மூழ்கிகளுக்காக. அலைதாங்கிச் சுவரோரம் கப்பலைக் கயிற்றால் கட்டுகிற இரும்புக் குற்றிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கப்பலுக்கு ஒரு குற்றி. ஒரு குற்றிக்கு ஒரு ஆள். வயதில் மூத்தவர் தள்ளி நின்று கப்பலின் பெயரைக் கூப்பிடுவார். அந்தக் குற்றிக்காரர் குற்றியில் கையை வைத்து, 'பிரெசென்தே' என்று பதில் சொல்லுவார். இருக்கிறேன் என்று அர்த்தம். பிறகு ஒரு கார்னேஷன் பூவைக் கடலில் போடுவார். கூப்பிடுகிறவர் நோன்னோ. முதல் இரண்டு வருடமும் நான் அவருடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாக நின்றேன்.

மூன்றாம் வருடம் ஒரு ஆள் குறைந்தது. கப்பலில் டோர்பீடோ வேலை பார்த்த ஒருவர் விழுந்து இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய கப்பலுக்கு ஆள் இல்லை.

நீர்மூழ்கிக்காரர் சங்கத்தின் கொடியைப் பிடிக்கிறவர் நோன்னோவின் வீட்டுக்கு வந்தார். முன்னாள் அதிகாரி, நேராக இருப்பார், நேராகத்தான் பேசுவார். "ஒருத்தர் ரெண்டு கப்பலுக்குப் பதில் சொல்லட்டும், என்ன குறை?" என்றார்.

"ஒராள் ரெண்டு கப்பலிலை நிக்கேலாது," என்றார் நோன்னோ.

"அப்ப நீங்களே பதிலையும் சொல்லுங்கோ."

"கூப்பிடுறவன் கரையிலை நிக்கிறவன். கூப்பிட்டவனே பதிலும் சொன்னால் அதுக்குப் பேர் விசர்."

"அப்ப என்ன செய்யிறது? அந்தக் கப்பலை விடவோ?"

நோன்னோவின் முகம் வெளுத்துப்போனது. இவ்வளவு நாளில் அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒரு கப்பலின் பெயரைக் கூப்பிட்டு, ஒருத்தரும் பதில் சொல்லாமல் நிற்பது. அவரைப் பொறுத்தவரை மூடியை இறுக்கிவிட்டு மேலே தட்டுகிற சத்தம் கேட்பதும் அதுவும் ஒன்றுதான். தடியால் என்னைக் காட்டினார்.

"இவன் நிப்பான்."

கொடிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர் எந்த நாடு?"

"ஸ்ரீலங்கா," என்றேன்.

"அங்கை நீர்மூழ்கி இருக்கோ?"

"இல்லை."

"நீர் நேவியோ?"

"இல்லை. மீன்பிடி."

"கேட்டீங்களோ?" என்றார் அவர் நோன்னோவிடம்.

"கேட்டன். கடல் தெரிஞ்ச ஆள். நீங்கள் ரோமிலை மேசைக்குக் கீழைதானே கனகாலம் மூழ்கியிருந்தனீங்கள்."

கொடிக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

உண்மையில் மாட்டேன் என்று சொன்னது நான்தான். கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். "நோன்னோ, நான் நிக்க மாட்டன்."

"ஏன், வெள்ளைச் சட்டை இல்லையோ?"

"சட்டை இருக்கு. நேவிக்காரரோடை ஒரு வரிசையிலை நிக்க என்னாலை ஏலாது. எங்கட கடலிலை நேவிப் படகின்ரை சத்தம் கேட்டால் வலையை வெட்டிப்போட்டுக் கரைக்கு ஓடின ஆள் நான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே லா காலா படகுத்துறையில் பாய்மரக் கயிறுகள் காற்றில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"எங்கட ஆக்களும் கடலிலை நல்லது மட்டும் செய்யேல்லை," என்றார். "நான் உன்னை நேவிக்குக் கூப்பிடேல்லை, பெடியா. திரும்பி வராதவைக்குக் கூப்பிடுறன்."

அப்போதுதான் நான் என்னுடைய தம்பியைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகள், குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சித்தப்பாவின் படத்தைப் பற்றி நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் கதையை மாற்றியிருக்கிறேன். இப்போது சொல்லுகிறேன். சித்தப்பா கூட்டாளியோடு 'சிவசக்தி' என்ற படகில் ஒரு விடியற்காலை தொழிலுக்குப் போனவர். அவரும் வரவில்லை, கூட்டாளியும் வரவில்லை, படகும் வரவில்லை. நாங்கள் அந்தியேட்டிச் சடங்கு செய்யவில்லை. உடம்பு இல்லாமல் எப்படிச் செய்வது? செத்தவர் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் அந்தப் படத்துக்கு மாலை இல்லை. உயிரோடு இருக்கிற ஆட்களின் படங்களோடு அதுவும் இருக்கிறது.

"காத்தோ?" என்று கேட்டார் நோன்னோ.

"தெரியாது."

"கடலோ, மனிசரோ?"

"ஒண்டும் தெரியாது, நோன்னோ."

"எங்கட ஆக்களுக்கு நாப்பது வருசம் எடுத்தது," என்றார். பிறகு, "படகின்ரை பேர் என்னெண்டு சொன்னாய்?"

"சிவசக்தி."

"சீவா... சாத்தி."

"சக்தி."

"சாக்-தி." அவருடைய நாக்கு அந்த இடத்தில் மடங்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சவரம் செய்யும்போது சொன்னார். கபோச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கும்போது சொன்னார். காய்காரன், "என்ன, புது மருந்தோ?" என்று கேட்டான். வேலையில்லாத மனிதருக்கு ஒரு விளையாட்டு என்றுதான் நான் நினைத்தேன்.

ஞாயிறு காலை அம்மா வெள்ளைச் சட்டையை இரண்டு தரம் அயர்ன் பண்ணினா. மகள், நீ ஜன்னலிலிருந்து தெருவே கேட்கக் கத்தினாய்: "அப்பா சோல்தாத்தோ!" அப்பா சிப்பாய் என்று. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிமிர்ந்தும் இருந்தது.

துறைமுகத்தில் நல்ல வெயில். மொந்தே பெல்லெக்ரீனோ மலை கழுவித் துடைத்த மாதிரித் தெரிந்தது. கிழவர்கள் நால்வரும் பதக்கங்களோடு தங்கள் தங்கள் குற்றிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஐந்தாவது குற்றிக்குப் பக்கத்தில் நான். கொடிக்காரர் என்னைப் பார்க்காமல் ஒரு கார்னேஷனை என் கையில் தந்தார். அவர் கொடியோடு வரிசைக்குப் பின்னால் போய் நின்றார். நோன்னோ நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தடியை ஊன்றித் தள்ளி நின்றார்.

விசில் ஊதினார்கள். பெயர்கள் தொடங்கின.

முதலாவது. பிரெசென்தே. இரண்டாவது. ஒருவருக்குக் குரல் உடைந்தது. மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவர் தொண்டையைச் சரிசெய்து திரும்பச் சொன்னார். என்னுடைய முறை வந்தபோது, எனக்கு முகம் தெரியாத, பெயர் தெரியாத அத்தனை ஆண்களுக்காக அந்த இரும்பில் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. "பிரெசென்தே," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. யாருக்கும் பயந்து ஓடாமல், கடலுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று நான் சொன்ன முதல் சொல் அது என்று நினைக்கிறேன்.

பூவைப் போட்டேன். முடிந்தது என்று எல்லோரும் தொப்பியில் கை வைத்தார்கள். நோன்னோ அசையவில்லை. மூச்சை இழுத்தார்.

"சிவசக்தி!"

ஒரு எழுத்துப் பிழையில்லாமல் கூப்பிட்டார்.

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்படி ஒரு கப்பலை அவர்கள் கேள்விப்பட்டதில்லை.  வாயைத் திறந்தேன். ஆனால் நான் ஐந்தாவது கப்பலின் ஆள். ஒருவர் இரண்டு கப்பலில் நிற்க முடியாது. நோன்னோ பதில் சொல்ல முடியாது, அவர் கூப்பிட்டவர். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரமென்றாலும் அவர் காத்திருப்பார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். 

பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கொடிக்காரர் கொடிக்கம்பத்தைத் தோளோடு அணைத்துக்கொண்டு என்னைக் கடந்து நடந்தார். என் குற்றிக்கு அப்பால் யாரும் நிற்காத இன்னொரு குற்றி துருப்பிடித்து இருந்தது. அதன் பக்கத்தில் நின்று, வெள்ளைக் கையுறையைக் கழற்றி, இரும்பில் வெறுங்கையை வைத்தார்.

"பிரெசென்தே."

போடுவதற்கு அவரிடம் பூ இருக்கவில்லை. தன் சட்டையில் குத்தியிருந்ததைப் பிடுங்கிப் போட்டார்.

எல்லாம் முடிந்து கலையும்போது அவர் என் பக்கத்தில் வந்தார். "அந்தப் படகிலை எத்தினை பேர்?"

"ரெண்டு பேர்."

"சின்னப் படகு."

"ஓம். சின்னப் படகு."

"சின்னப் படகிலை போறவைக்குத்தான் துணிவு கூட வேணும்," என்று சொல்லிவிட்டு, நேராக நடந்து போய்விட்டார். நோன்னோ தூரத்திலிருந்து தடியை ஆட்டி எங்களைக் கூப்பிட்டார். கோப்பி குடிக்கப் பாருக்குப் போகவேண்டும். ஆனால் அதற்கு முதல் ஆட்களை எண்ணவேண்டும்.

அடுத்த மாரியில் நோன்னோ போய்விட்டார். ஸிஞோரா கேட்டு, நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். அவர் பாரமாகத்தான் இருந்தார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு சங்கத்தில் ஆள் காணாது என்று சொல்லி நிகழ்ச்சியை வேறொரு துறைமுகத்துக்கு மாற்றிவிட்டார்கள். கொடிக்காரரும் மகனோடு வடக்கே போய்விட்டார். அந்த இலையுதிர் காலத்து ஞாயிறு வந்தபோது நோன்னோவுக்குப் பிறகு நான் சேர்ந்த ஹோட்டலில் எனக்கு மத்தியான வேலை. உங்களிடம் சொல்லாமல் காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கபோவில் ஆறு கார்னேஷன் வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தேன்.

மூன்றாவது குற்றியில் ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் எழும்ப முடியுமா என்று கேட்டேன்.

"ஏன், கப்பல் வருதோ?"

"ஓம்," என்றேன்.

என் சட்டையையும் பூக்களையும் பார்த்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அவர் வெளிச்சவீட்டுப் பக்கம் போய்விட்டார்.

நோன்னோ நிற்கிற இடத்தில் நின்று முதலாவது கப்பலைக் கூப்பிட்டேன். பிறகு அந்தக் குற்றிக்கு நடந்துபோய், கையை வைத்து, பதில் சொல்லி, பூவைப் போட்டேன். திரும்பி வந்து இரண்டாவதைக் கூப்பிட்டேன். நடந்தேன். இப்படியே ஒவ்வொன்றுக்கும், கூப்பிடுகிற இடத்துக்கும் குற்றிக்குமாக. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்கக்கூடாது. கடைசியில் 'சிவசக்தி' என்று கூப்பிட்டேன். அந்தத் துருப்பிடித்த குற்றிவரை நடந்தேன். கையை வைத்தேன். "இருக்கிறன்," என்று தமிழில் சொன்னேன்.

பிறகு திரும்பி நின்று, "எல்லாரும் இருக்கிறமோ?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, நோன்னோ காத்திருக்கிற அளவுக்குக் காத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் வேலைக்குப் போனேன்.